கங்கையம்மாள் கட்டிய இருட்டு

முனிரத்தினத்துக்கு வாய்தான் முதல். இரும்புலியூரில் அப்பன் பாட்டன் உழுத நிலத்தை எழுபதுகளில் மனை போட்டு விற்ற பிறகு அவர் மனைத் தரகராகிவிட்டார். பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் தொடங்கி மறைமலை நகர் வரைக்கும் எந்த மனைக்கு எந்தப் பக்கம் வழி, எந்தப் பத்திரத்தில் என்ன வில்லங்கம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். ஜி.எஸ்.டி. ரோட்டு டீக்கடையில் அவர் பேச ஆரம்பித்தால் பஸ்ஸுக்கு நின்றவன் பஸ்ஸை விட்டுவிடுவான். ஊருக்கெல்லாம் அளக்கிற அந்த வாய், வீட்டு வாசற்படி ஏறியதும் சோற்றுக்கு மட்டும்தான் திறக்கும். அவர் மனைவி கங்கையம்மாளுக்குப் பதினேழு வருஷமாக அதுதான் ஆத்திரம்.

அவளுக்கு மட்டும் உட்கார்ந்து பேச நேரம் எங்கே இருந்தது? மிச்சமிருந்த இடத்தில் நாலு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். தண்ணீர் மோட்டார் போடுவது, இரண்டு மாட்டைக் கறப்பது, வீடு வீடாகப் பால் ஊற்றுவது, பத்தாவது படிக்கும் மகள் ஜெயக்கொடியை எழுப்பி டியூஷனுக்கு விரட்டுவது என்று விடிந்ததிலிருந்து அவள் காலில் சக்கரம்தான். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு நாளில் பேசிக்கொள்வது பத்து வார்த்தை இருந்தால் அதிகம். அதிலும் இரண்டு, "உப்பு கம்மி."

அந்த வாயில்தான் நோய் வந்து உட்கார்ந்தது. வெற்றிலையும் புகையிலையுமாக இருபது வருஷம் இடது கன்னத்தில் அடக்கி வைத்தால் வேறென்ன வரும்? தொண்ணூற்று நாலில் ஒருமுறை வெட்டி எடுத்தார்கள். தொலைந்தது சனியன் என்று கங்கையம்மாள் அம்மன் கோயிலில் பொங்கல் வைத்தாள். எட்டே மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் புண் கண்டது. அதைப் பார்த்த அன்றைக்கு அவள் மாட்டுக்கொட்டகையில் போய், யாருக்கும் கேட்காமல் அழுதாள். இன்னொரு முறை வெட்டினால் இன்னொரு எட்டு மாதம், அதற்கப்புறம்? அந்தக் கணக்கு அவள் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் லாசரஸ் என்ற டாக்டர் இருந்தார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், பொறுமைசாலி. வெட்டுவதோடு விடாமல் புதிதாக ஒன்று செய்து பார்க்கலாம் என்றார். ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் ரத்தத்தில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். அது உடம்பெல்லாம் சுற்றினாலும் கெட்ட செல்களில்தான் கூடுதலாகத் தங்கும். கட்டியை வெட்டி எடுத்த பிறகு அந்தக் குழியில் சிவப்பு லேசர் வெளிச்சம் பாய்ச்சுவார்கள். வெளிச்சம் பட்டால் மருந்து வேலை செய்யத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிற மிச்சம் மீதியும் சாகும். இது புதுசு, வெளிநாட்டிலேயே இப்போதுதான் செய்து பார்க்கிறார்கள், திரும்ப வரவே வராது என்று சத்தியம் செய்ய மாட்டேன், வருகிற வாய்ப்பு குறையலாம் என்று ஒளிக்காமல் சொன்னார்.

கங்கையம்மாளுக்கு லேசர் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் கோரைப்புல் தெரியும். மேலே பிடுங்கிப் போட்டால் அடியில் கிழங்கு நின்றுவிடும், பத்தாம் நாள் மறுபடி முளைக்கும். "அப்ப இந்த வெளிச்சம் அடிக்கெழங்கக் கொல்லும், அப்டிதானே சார்?" என்று கேட்டாள். டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, நான் சொன்னதைவிட இது நன்றாயிருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். முனிரத்தினம் கையெழுத்துப் போட்டார்.

தொண்ணூற்றைந்து செப்டம்பரில் ஆபரேஷன் முடிந்தது. வாய்க்குள் தையல், மூக்கில் கஞ்சி இறக்கும் குழாய். ஊருக்கெல்லாம் அளந்த வாய் அடைத்துப் படுத்திருந்தது. வீட்டுக்கு அனுப்புகிற நாளன்று கங்கையம்மாள் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கீழே கேன்டீனுக்குப் போயிருந்தாள். அந்த நேரத்தில் டாக்டர் வந்து, வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று முனிரத்தினத்திடம் கால்மணி நேரம் உட்கார்ந்து விளக்கிவிட்டுப் போய்விட்டார். அவள் திரும்பி வந்தபோது, வாய் தைத்த மனிதர் என்னத்தைச் சொல்வார்? விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த ஆயாதான் சொன்னாள்.

"ஒரு மாசத்துக்கு அவுரு மேல வெளிச்சமே படக்கூடாதும்மா. பட்டுச்சு, தோலு வெந்துடும்."

இவ்வளவுதானா என்று இருந்தது கங்கையம்மாளுக்கு. இருட்டடிப்பது அவளுக்குப் புதிய வேலை இல்லை. எண்பதாம் வருஷம் மாசி மாதம் பெரிய சூரிய கிரகணம் பிடித்தபோது ஜெயக்கொடி அவள் வயிற்றில் இருந்தாள். பிள்ளைத்தாய்ச்சிமேல் கிரகணம் படக்கூடாது என்று மாமியார் அவளை நெல் கொட்டும் அறையில் வைத்து, ஜன்னலுக்குச் சாக்கு அடைத்து, பலகை இடுக்கையெல்லாம் சாணி வைத்து மெழுகி, விளக்குகூட வைக்காமல் பூட்டினாள். குழந்தை ஒரு குறையும் இல்லாமல் பிறந்தது. அந்த அறை இன்னும் வீட்டுக்குப் பின்னால் அப்படியே இருந்தது, நெல்தான் இல்லை.

பக்கத்துத் தெரு முனீர் வாடகைக்கு ஓட்டும் அம்பாஸடர் வைத்திருந்தான். பின்சீட்டுக் கண்ணாடிகளுக்கெல்லாம் போர்வை கட்டி, பொழுது சாய்ந்த பிறகு அவன்தான் கொண்டுவந்து சேர்த்தான். அதற்குள் அறை தயாராகியிருந்தது. சாக்கு, அதன்மேல் கறுப்புத் தார்ப்பாய், இடுக்குக்குச் சாணி. பல்பைக் கழற்றியாகிவிட்டது. அலாரம் கடிகாரத்தின் முள் இருட்டில் பச்சையாக மினுங்குகிறது என்று அதையும் எடுத்து வெளியே வைத்துவிட்டாள். டார்ச்சுகூடவா கூடாது என்று ஜெயக்கொடி கேட்டதற்கு, அப்பன் தோல் வெந்தால் நீ வந்து ஒட்டுவாயா என்று ஒரு அதட்டுப் போட்டாள். குழாயில் கஞ்சி ஊற்றும் நேரத்துக்கு மட்டும் கதவை ஒரு விரற்கடை திறந்து வைப்பாள், முடிந்ததும் சாத்திவிடுவாள்.

முதல் நாள் மத்தியானம் துணைக்கு இருக்கலாம் என்று முறத்தில் அரிசியோடு உள்ளே போனாள். இருட்டில் கல் எது, அரிசி எது? முறத்தை ஓரமாக வைத்தாள். பூத் தொடுக்க முடியாது, துணி மடிக்க முடியாது, ஒரு வேலையும் ஓடாது. மின்விசிறி மட்டும் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் முதல் தடவையாகக் கங்கையம்மாள் கையில் ஒன்றும் இல்லாமல் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சும்மா இருக்க முடியாமல் பேச ஆரம்பித்தாள்.

அவரால் பேச முடியாது, அதனால் ஒரு ஏற்பாடு வந்தது. அவள் கையை ஒருமுறை அமுக்கினால் ஆமாம். இரண்டு முறை அமுக்கினால் இல்லை. மாடு சினைப்பட்டிருப்பதில் ஆரம்பித்து, மூன்றாவது போர்ஷன்காரி தண்ணீருக்குச் சண்டை போட்டது, கல்யாணமாகி வந்த புதிதில் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் வீட்டுமேல் விழுந்துவிடும் என்று அவள் கட்டிலடியில் ஒளிந்தது என்று தினம் ஒன்று வந்தது. ஒன்றிலிருந்து நாலு மணி வரை, யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டாள். அவர் மூச்சுவிடும் தினுசிலேயே சிரிக்கிறாரா இல்லையா என்று அவளுக்குத் தெரிந்தது.

பத்தாம் நாளோ என்னவோ, அவளே நினைக்காத ஒன்று வாயில் வந்துவிட்டது. ஜெயக்கொடிக்கு முன்னால் ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோன பிள்ளையைப் பற்றி. அன்றைக்கு அவர் யாருக்கோ பத்திரம் முடிக்க ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போயிருந்தார், சாயங்காலம்தான் வந்தார்.

"அன்னைக்கி நீங்க வராதது எனக்கு இன்னும் ஆறலைங்க. உங்களுக்கு ஞாபகமாவது இருக்குதா?"

கை ஒருமுறை அமுங்கியது. அமுக்கிய கையை அவர் ரொம்ப நேரம் விடவே இல்லை. வெளிச்சத்தில் கேட்டிருந்தால் கங்கையம்மாள் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டாள்.

கங்கை புருஷனை இமைக்குள்ளே வைத்துக் காக்கிறாள் என்று தெருவே பேசியது. அவளுக்கும் கொஞ்சம் தலைக்கு ஏறித்தான் இருந்தது. முப்பதாம் நாள் சோதனைக்குப் போக வேண்டும். அதற்கு முந்தின மத்தியானம், சின்ன வயதில் அக்காவும் அவளும் யாருக்கும் தெரியாமல் கூடுவாஞ்சேரியில் ரயிலேறி, தாம்பரத்தில் வண்டி மாறி, கடல் பார்க்கப் பட்டணம் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பீச் ஸ்டேஷனில் இறங்கிய இடத்தில் கதை நிற்கும்போது முனீர் வந்து, விடியற்காலை எத்தனை மணிக்கு வண்டி வேண்டும் அக்கா என்று கூப்பிட்டான். எழுந்து போனவள், அந்தக் கதையை முடிக்கவே இல்லை.

சோதனை எளிமையானது. ஒரு காகித உறையில் நாலணா அகலத்துக்கு ஓட்டை போட்டு, அதற்குள் கையை விடச் சொன்னார்கள். பத்து நிமிஷம் வராந்தா வெயிலில் நீட்டி வைத்தார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் அந்த நாலணா அகலத் தோல் மட்டும் செக்கச் செவேலென்று வீங்கியிருந்தது. மருந்து இன்னும் தோலில் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். டாக்டர் லாசரஸுக்கு விளங்கவில்லை. முப்பது நாளில் இவ்வளவு தங்கக்கூடாதே, வீட்டில் எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். கங்கையம்மாள் பெருமையோடு எல்லாவற்றையும் சொன்னாள். சாக்கு, தார்ப்பாய், சாணி, பல்பு, பச்சை முள் கடிகாரம் வரை ஒன்று விடவில்லை. அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மா, வெயில்தான் ஆகாது. வீட்டுக்குள்ள இருக்கிற சாதாரண வெளிச்சம் வேணும். அதுதான் தோல்ல இருக்கிற மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா போக்கும். இருட்டுல வெச்சா மருந்து அப்படியே நிக்கும். அன்னைக்கே சார்கிட்ட விளக்கமா சொன்னேனே."

முனிரத்தினம் கன்னத்துக் கட்டைத் தடவிக்கொண்டே மின்விசிறியைப் பார்த்தார். பாவம், மயக்கமும் வலியுமாகக் கிடந்த மனுஷனுக்கு எது காதில் ஏறியிருக்கும் என்று கங்கையம்மாளுக்கு இரக்கமாக வந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவள் அவள்தானே. முகம் கன்றிப்போய், அப்படியானால் கன்னத்துக்குள் காட்டின வெளிச்சமும் வீணாகிவிட்டதா என்று கேட்டாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அது ஆபரேஷன் தியேட்டரில் அன்றைக்கே வேலையை முடித்துவிட்டது, இது தோல் விஷயம் மட்டும், இன்னும் மூன்று வாரம் வெயிலில் போகாமல் இருந்தால் போதும் என்றார் டாக்டர். பெண்பிள்ளை அழுதுவிடுவாள் என்று ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றே கங்கையம்மாள் எடுத்துக்கொண்டாள். வெளிச்சத்தால் சாக வேண்டிய நோய்க்கு முப்பது நாள் இருட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டோமே என்ற எண்ணம் அன்றைக்கு அவளுக்குள் முள்ளாகத் தைத்தது.

அந்த மூன்று வாரத்துக்குள் முனிரத்தினத்தின் தம்பி ஏகநாதன் மகளுக்குப் பீர்க்கன்கரணையில் கல்யாணம். மூத்தவராக முன்னால் நிற்க வேண்டியவர் வீட்டில் கிடந்தார். தனியாகப் போய் வந்த கங்கையம்மாளுக்கு, பெரியவர் வரலையா என்று கேட்ட ஒவ்வொருவரிடமும் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டது. எல்லாம் தன்னால் வந்த வினை என்று அவளுக்கு இருந்தது.

இருட்டடித்த வேகத்திலேயே வெளிச்சமும் போட்டாள். பல்பு போதாதென்று இரண்டு டியூப் லைட், சாக்கைப் பிடுங்கிவிட்டு வெயில் நேராக விழாதபடி வெள்ளைத் திரை. இப்போது கண் தெரிந்ததால் முறமும் உள்ளே வந்தது, புளியும் வந்தது. ஒரு கூடை புளியில் கொட்டை எடுத்து முடிப்பதற்குள் நாலு தடவை எழுந்து போனாள். பேச்சு பழையபடி பத்து வார்த்தைக்கு இறங்கியது. அவர் சில சமயம் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார். வெளியே போக ஏங்குகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தீபாவளிக்கு மறுநாள் காலை மறுபடி கிரகணம். தெருவில் எல்லா ஜன்னலும் சாத்திக் கிடந்தது, போர்ஷன்காரிகள் குழந்தைகளை உள்ளே அடைத்திருந்தார்கள், முனீர் கிரகணத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தான். இரும்புலியூரிலேயே கங்கையம்மாள் வீட்டுப் பின்னறையில் மட்டும் இரண்டு டியூப் லைட் பளிச்சென்று எரிந்தது. எட்டு மணிக்குக் கஞ்சியும் மாத்திரையும் கொடுத்தாக வேண்டும், கிரகணத்தில் வாயில் எதுவும் வைக்கக் கூடாது. நின்று யோசித்தவள், கஞ்சியில் ஒரு தர்ப்பைப் புல்லைப் போட்டு எட்டு மணிக்கே கொடுத்தாள். டாக்டருக்கும் ஆச்சு, சாமிக்கும் ஆச்சு.

நவம்பரில் இரண்டாவது சோதனை. உறைக்குள் விட்ட கை மறுநாளும் கை நிறத்திலேயே இருந்தது. முனிரத்தினம் வெயிலில் இறங்கினார். பேச்சு கொஞ்சம் குழறினாலும் ஒரு மாதத்தில் டீக்கடைக்குத் திரும்பிவிட்டது, பஸ்ஸுக்கு நின்றவர்கள் மறுபடி பஸ்ஸை விட்டார்கள். வெற்றிலைப் பெட்டியை அவர் தொடவில்லை. அவளும் ஒருநாள் தன் பங்கு வெற்றிலையை மாட்டுக்குப் போட்டுவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டாள்.

முள் மட்டும் உள்ளேயே இருந்தது. தினம் காலையில் அவர் வாய் கொப்பளிக்கும்போது துண்டு கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய்க் கன்னத்துக்குள் எட்டிப் பார்ப்பாள். சிவப்பாக எதையாவது கண்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. முதல் தடவை திரும்பி வந்த எட்டாம் மாதம் நெருங்கியபோது அவள் பாதியாக இளைத்திருந்தாள். என்ன அக்கா உடம்புக்கு என்று முனீர்கூடக் கேட்டான். மாடு இளைத்தால் கேட்கிற முனிரத்தினம், பெண்டாட்டி இளைத்ததை வெயில் காலம் என்று நினைத்துவிட்டார். எட்டு போய், பத்து போய், வருஷம் ஒன்றானது. ஆஸ்பத்திரியில் கன்னத்துக்குள்ளிருந்து துளிச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒரு வாரம். அந்த ஒரு வாரம் கங்கையம்மாள் பாலில் தண்ணீர் ஊற்றினாளா, தண்ணீரில் பால் ஊற்றினாளா என்று அவளுக்கே தெரியாது.

டாக்டர் லாசரஸ் தாளை இரண்டு முறை படித்தார். "சுத்தமா இருக்கு," என்றார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் இன்றைக்கு நிம்மதியாகப் போகலாம் என்றும் சொன்னார்.

முனீரின் வண்டி கிண்டியைத் தாண்டியது. திறந்த ஜன்னலில் முனிரத்தினம் கை வைத்திருந்தார், வெயில் முழங்கை வரை அடித்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு உடைந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினாள். தன்னால்தான் மருந்து கெட்டது என்று நினைத்தது, காலையில் வாய்க்குள் எட்டிப் பார்த்தது, எட்டாம் மாதம் சோறு இறங்காமல் கிடந்தது, வெற்றிலையை விட்டது. முனீர் நல்லவன், ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தான்.

முனிரத்தினம் கையை உள்ளே இழுத்துக்கொண்டார். உலகத்துக்கெல்லாம் பேசுகிற ஆள், பேச்சை விட்டு அவள் கையைப் பிடித்தார்.

"டாக்டர் சொன்னது அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?" என்று மெல்லக் கேட்டாள் கங்கையம்மாள். கேட்கிற வரைக்கும் அவளுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது தெரியாது.

கை ஒருமுறை அமுங்கியது.

"தெரிஞ்சேவா இருட்டுல கெடந்தீங்க?"

மறுபடி ஒருமுறை.

"மொத நாளே சொல்லிடலாம்னுதான் இருந்தேன் கங்க," என்றார் அவர். "ஜெயக்கொடி நோட்டுல எழுதிக் காட்டினா முடிஞ்சிது. ஆனா நீ வந்து உக்காந்து பேச ஆரம்பிச்சே. பதினேழு வருசத்துல மொத தபா. லைட்டப் போட்டா நீ எழுந்து மாட்டாண்ட பூடுவேன்னு தெரியும். போட்டதும் அதான ஆச்சு?"

"பாவி மனுசா. ஒரு வருசம் வயித்துல நெருப்பக் கட்டிகினு இருந்தேன்யா."

"அத நீ எனக்கு எப்பச் சொன்ன?"

நீ இளைத்தது என் கண்ணில் பட்டது, கேட்கத்தான் தோன்றவில்லை, அது என் தப்பு என்று பல்லாவரம் வரும்போது சொன்னார். கோபமா என்று கேட்டார். கங்கையம்மாள் அவர் கையை ஒருமுறை அமுக்கினாள், வலிக்கிற மாதிரியே அமுக்கினாள். குரோம்பேட்டை கேட்டில் ரயிலுக்காக வண்டி நின்றபோது இன்னும் கோபமா என்று கேட்டார். ரயில் போய், கேட் திறந்த பிறகு, இரண்டு முறை அமுக்கினாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. தொட்டியில் தண்ணீர் இல்லை என்று போர்ஷன்காரி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். மாடு கத்திக்கொண்டிருந்தது. கங்கையம்மாள் மோட்டார் சுவிட்சை ஜெயக்கொடியிடம் ஒப்படைத்துவிட்டு, முறத்தை எடுக்காமல் வெறுங்கையோடு அவர் படுத்திருந்த பின்னறைக்குப் போனாள். ஜன்னல் பலகையைச் சாத்தினாள். இரண்டு டியூப் லைட்டையும் அணைத்தாள். கட்டில் ஓரத்தில் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள்.

"எங்க வுட்டேன் அன்னைக்கி?" என்றாள்.

ஒரு வருஷம் ஆகியும் அவர் யோசிக்கவே இல்லை. "பீச் ஸ்டேஷன்ல எறங்கினீங்க," என்றார். "உங்க அக்கா ஒரு காலு செருப்ப வண்டியிலயே வுட்டுட்டா."